தொட்டி மண்ணில் கிடைத்த இரண்டு மில்லிமீட்டர் சிலந்தி: ஒரு வகைப்பாட்டு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் உள்ள ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர், வளாகத்து இலைச்சருகில் வாழும் சிலந்திகளைத் தம் ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். நகரத்துச் சிலந்திகளைப் பற்றிய மாணவர் ஆய்வுகள் பெரும்பாலும் கண்ணில் படுகிறவற்றோடு, அதாவது வேலியில் வலை பின்னுகிறவற்றோடும் சுவரில் குதிக்கிறவற்றோடும் நின்றுவிடுகின்றன. சருகுக்கு அடியில் இருப்பவை மிகச் சிறியவை. அவற்றைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும், பெயர் கண்டுபிடிக்க அதைவிட அதிகப் பொறுமை வேண்டும். அந்த இடைவெளியைக் கருதியே நெறியாளரும் இத்தலைப்புக்கு இசைந்தார். துறையின் மாதிரிச் சேகரத்தைக் கவனித்துவருபவன் என்ற முறையில் நான் இதில் தொடக்கம் முதல் உடன் இருந்தேன்.

கிண்டி தேசியப் பூங்காவிலும் மாதிரி எடுக்கலாம் என்ற யோசனை முதலில் இருந்தது. கடற்கரைச் சமவெளிக்கு உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் எச்சம் நகருக்குள் அங்கே இருக்கிறது. ஆனால் தேசியப் பூங்காவில் எதைச் சேகரிப்பதானாலும் வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். ஓர் ஆய்வேட்டுக்கு உள்ள காலத்தில் அதைப் பெறுவது உறுதியில்லை. ஆகவே வளாகத்தின் பின்புறம் வெட்டப்படாமல் விடப்பட்டிருந்த புதர்க்காடும், கட்டடங்களைச் சுற்றியுள்ள தோட்டமும் போதும் என்று முடிவு செய்யப்பட்டது. காடு கிடைக்காததால் தோட்டம் சேர்ந்தது என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும். தோட்டம் சேராமல் இருந்திருந்தால் இந்த நிகழ்வே இல்லை.

சேகரிப்பு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடந்தது. கோடையில் சென்னைச் சருகு காய்ந்து நொறுங்கிக் கிடக்கும். அதில் வாழும் சிற்றுயிர்கள் ஆழத்துக்குப் போய்விடும். மழைக்குப் பிறகு சருகைச் சல்லடையில் சலித்து, பெர்லேசே புனலில் இட்டு, மேலிருந்து மெல்லிய வெப்பம் கொடுத்தால், ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும் உயிர்கள் அடியில் வைத்த ஆல்கஹாலில் விழும். இதற்கு வெப்பம் தரும் பழைய குண்டு பல்பு தேவை. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் அந்த வேலைக்கு உதவா என்பதால், ரிச்சி தெருவில் தேடி அலைந்து சில பல்புகளை வாங்கிவர நேர்ந்தது.

முதல் மாதிரி

மழைக்காலத்தின் நடுப்பகுதியில் வந்த ஒரு தொகுப்பில், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, ஆரஞ்சு நிறமான, உடல் பளபளக்கும் ஒரு சிலந்தி இருந்தது. வெறும் கண்ணுக்கு அது ஓர் உண்ணி போலவே தெரிந்ததால், மாணவி அதை முதலில் உண்ணிகளுக்கான குப்பியில்தான் போட்டுவைத்திருந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது வயிற்றின் மேற்புறத்தில் கடினமான தகடு ஒன்று இருப்பதும், தலைமார்புக்கும் வயிற்றுக்கும் இடையே தெளிவான இடை இருப்பதும் புலப்பட்டன. அடுத்தடுத்த தொகுப்புகளில் இதே சிலந்தி ஒரு டஜனுக்கும் மேல் கிடைத்தது.

கையில் இருந்த இந்தியச் சிலந்தி நூல்களில் இதற்கு ஒத்த படம் இல்லை. போகாக் 1900இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதி, பெரிய சிலந்திகளுக்கு இன்றும் பயன்படும் நூல். இவ்வளவு சிறியவற்றுக்கு அதில் உதவி எதிர்பார்க்க முடியாது. படம் இல்லை என்பதிலிருந்து பெயர் இல்லை என்ற முடிவுக்குப் போவது எளிது. மாணவியின் குறிப்பேட்டில் அந்த வாரப் பக்கத்தில் ‘புதிய சிற்றினமாக இருக்கலாம்’ என்ற வரி இருக்கிறது. துறையில் அந்த வரி அதைவிட வேகமாகப் பரவியது. வாரக் கடைசிக்குள் ‘இருக்கலாம்’ உதிர்ந்துபோய், ‘புதிய சிற்றினம்’ மட்டும் மிஞ்சியது.

நெறியாளர் அப்போது எடுத்த முடிவு ஒன்றுதான்: குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக இறங்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் எதை வைத்து அங்கே நின்றோம் என்பதை எழுதி ஒட்ட வேண்டும், அதுவரை யாரும் ‘புதிய’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது.

குடும்பத்திலிருந்து பேரினத்துக்கு

முதல் கேள்வி, கையில் இருப்பது முதிர்ந்த சிலந்தியா, இளம் சிலந்தியா என்பது. சிலந்திகளைச் சிற்றினம் வரை பிரிப்பது பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்புகளை வைத்தே நடப்பதால், முதிராத சிலந்தியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பயனில்லை. தகடு உடைய இச்சிறு சிலந்திகளில் தகடு முழுமையாக இறுகுவது முதிர்ச்சியில்தான். எங்கள் மாதிரிகள் பலவற்றில் தகடு நன்கு இறுகியிருந்தது. வெளிறி, மென்மையாக இருந்த சில இளம் சிலந்திகள் தனிக்குப்பிக்கு மாற்றப்பட்டன.

அடுத்தது கண்கள். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். இதற்கு ஆறு, அவையும் நெருக்கமாக ஒரே கூட்டமாக அமைந்திருந்தன. உடலில் கவசத் தகடுகள் கொண்ட சிறு சிலந்திகள் என்றதும் நினைவுக்கு வருவன இரண்டு குடும்பங்கள். ஒன்று டெட்ராபிளம்மிடே. 1873இல் இலங்கைச் சிலந்தி ஒன்றை வைத்துப் பிக்கார்டு-கேம்பிரிட்ஜ் நிறுவிய அக்குடும்பத்தின் முதற்பேரினத்துக்கு நான்கே கண்கள். இக்குடும்பத்தில் ஆறு கண்கள் உடையவையும் உண்டு என்பதால் கண்ணை மட்டும் வைத்து அதை ஒதுக்க முடியாது. ஆனால் அவற்றின் வயிற்றுப் பக்கவாட்டில் நீளவாக்கில் அடுக்கடுக்காக ஒடுங்கிய தகடுகள் இருக்கும். எங்கள் சிலந்தியின் பக்கவாட்டில் வெறும் மென்தோல்தான் இருந்தது. ஆகவே இரண்டாவது குடும்பமான ஊனோபிடே எஞ்சியது.

ஊனோபிடே குடும்பத்தை நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் எய்ஷேன் சிமோன், 1890இல். உடல் மென்மையானவை, கவசம் பூண்டவை என்று அவரே இவற்றை இரு பெரும் பிரிவாகப் பார்த்தார். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை நீளமுள்ள இச்சிலந்திகள் உலகின் வெப்ப நாடுகள் எங்கும் சருகிலும் மண்ணிலும் மரப்பட்டையிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவற்றை முறையாகத் தொகுத்துப் பார்த்தவர் இல்லை. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நார்மன் பிளாட்னிக் தலைமையில் 2006இல் தொடங்கிய உலகளாவிய திட்டம்தான் அந்த நிலையை மாற்றியது. ஏறக்குறைய ஐந்நூறாக இருந்த சிற்றின எண்ணிக்கை அத்திட்டத்தின் விளைவாகப் பன்மடங்கு பெருகியது. ஒரு குடும்பத்தில் பெயரிடப்படாதவை இவ்வளவு எஞ்சியிருக்கும்போது, சென்னையில் கிடைத்ததும் புதியதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்துக்கு வலுக்கூடுகிறது. துறைக்குள் பலரும் சொன்ன வாதம் இது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது ஊனோபிடே முழுவதையும் பற்றிய வாதம். எங்கள் குப்பியில் இருந்த சிலந்தியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

பேரினத்தில்தான் நேரம் பிடித்தது. வயிற்றின் மேல்தகடு முழு அகலத்தையும் மூடாமல், இருபுறமும் வெளிர் தோல் தெரியும்படி ஒடுங்கியிருந்தது. முன்னிரு இணைக் கால்களின் அடிப்புறத்தில் நீண்ட முட்கள் இணையிணையாக இருந்தன. இவ்விரு பண்புகளும் இஸ்க்னோதைரியஸ் என்ற பேரினத்துக்குப் பொருந்தும். அது ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவியுள்ள பேரினம், சென்னையில் இருப்பதில் வியப்பில்லை. மாணவியின் முதல் முடிவும் இதுவே. அதன்படி பார்த்தால் இது இந்தியாவுக்கு உரிய, இன்னும் விவரிக்கப்படாத இஸ்க்னோதைரியஸ் ஆக இருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

அந்த முடிவை மாற்றியது முதற்காலின் ஒரு கணு. சிலந்தியின் காலில் தொடைக்கு அடுத்து வரும் முழங்கணு பொதுவாகக் குட்டையானது. அதற்கடுத்த கீழ்க்காலே நீளமானது. எங்கள் பெண் சிலந்திகளின் முதற்காலில் முழங்கணு ஏறத்தாழக் கீழ்க்காலின் நீளத்துக்கே இருந்தது. கால் மடங்கிக் கிடக்கும் ஆல்கஹால் மாதிரியில் இது கண்ணில் படாது. ஆய்வக உதவியாளர் ஒரு காலைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் நேராக்கி, கிராம்பு எண்ணெயில் தெளிய வைத்த பிறகே அளக்க முடிந்தது. நீண்ட முழங்கணு, ஒடுங்கிய மேல்தகடு, அடிமுட்கள் ஆகிய மூன்றும் ஒருசேர இருப்பது டிரையேரிஸ் என்ற பேரினத்தின் பெண் சிலந்திகளில். அடுத்து வந்த மாதிரிகளிலும் கால்களை நேராக்கி அளந்தபோது விகிதம் மாறவில்லை. குப்பியின் சீட்டில் பேரினப் பெயர் அடித்துத் திருத்தப்பட்டது.

டிரையேரிஸின் முதன்மைச் சிற்றினம் டிரையேரிஸ் ஸ்டெனாஸ்பிஸ். சிமோன் 1892இல் கரீபியக் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவு மாதிரிகளைக் கொண்டு அதை விவரித்தார். அதன் பிறகு அது வெப்பமண்டல நாடுகள் பலவற்றிலும், ஐரோப்பியத் தாவரவியல் தோட்டங்களின் கண்ணாடிக் குடில்களிலும் கண்டெடுக்கப்பட்டது. எங்கும் பெண்களே, ஆண் இதுவரை அறியப்படவில்லை. பிளாட்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட திருத்த ஆய்வில் இப்பேரினத்தைச் சேர்ந்த புதிய சிற்றினங்கள் மேற்கு, நடு ஆப்பிரிக்காவிலிருந்து விவரிக்கப்பட்டன. உறவினர்கள் அங்கே இருப்பதால் ஸ்டெனாஸ்பிஸின் தாயகமும் அப்பக்கமாகவே இருக்கலாம். அப்படியானால் இச்சிலந்திக்கு முதன்முதலில் பெயர் கிடைத்த தீவே அது வந்தேறிய இடம்தான்.

ஆண்களைத் தேடியது

இந்தக் கட்டத்தில் இரண்டு விளக்கங்கள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, இது உள்ளூருக்கே உரிய, பெயரிடப்படாத டிரையேரிஸ். மற்றொன்று, இது உலகெங்கும் சுற்றிவரும் ஸ்டெனாஸ்பிஸ். ஊனோபிடே பெண்களின் இனப்பெருக்கத் துளைக்கு, பல சிலந்திகளில் இருப்பதுபோல வெளியே தெரியும் சிக்கலான தகட்டமைப்பு இல்லை. உள்ளமைப்பைத் தெளியவைத்துப் பார்த்தாலும் வேறுபாடுகள் நுட்பமானவை. ஆண் ஒன்று கிடைத்தால் உணர்காலின் (வாயருகே உள்ள, ஆணில் இணைசேரப் பயன்படும் சிறு உறுப்பின்) முனையமைப்பை வைத்து முடிவு சொல்லிவிடலாம். ஆகவே நெறியாளர் ஆண்களைத் தேடச் சொன்னார்.

கிடைக்கவில்லை. ஆனால் ‘கிடைக்கவில்லை’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: ஆண் இல்லை என்பது ஒன்று, நம் முறையில் ஆண் அகப்படவில்லை என்பது மற்றொன்று. ஆண்கள் சில பருவங்களில் மட்டும் முதிர்வதும், குறைந்த காலமே வாழ்வதும் சிலந்திகளில் வழக்கம். இதைப் பிரித்தறிய மாணவியே ஒரு வழி கண்டார். அதே புனல், அதே பல்பு, அதே பருவத்தில் வளாகத்தில் கிடைத்த பிற ஊனோபிடேக்களை எடுத்து எண்ணிப் பார்த்தார். ஓபோபேயா என்ற பேரினத்தின் சிலந்திகள் புதர்க்காட்டுச் சருகில் நிறைய இருந்தன. அவற்றின் ஆண்களுக்கு உணர்காலின் முழங்கணு மிகவும் பருத்திருக்கும் என்பதால் அடையாளம் காண்பது எளிது. அவற்றில் ஆணும் பெண்ணும் கலந்தே வந்திருந்தன. ஆகவே முறையில் குறையில்லை. டிரையேரிஸில் மட்டும் ஆண் வரவில்லை. இந்த ஒப்பீடு ஆய்வேட்டின் மிக நல்ல பக்கம் என்பது என் கருத்து. கூடுதல் செலவு ஏதும் இல்லாமல், ஏற்கெனவே குப்பிகளில் இருந்தவற்றைக் கொண்டே செய்யப்பட்டது.

இந்த எண்ணிக்கையைச் செய்தபோதுதான் இன்னொன்றும் வெளிப்பட்டது. குப்பிச் சீட்டுகளில் இடம் என்ற வரியில் ‘கல்லூரி வளாகம், இலைச்சருகு’ என்று மட்டும் எழுதும் வழக்கம் துறையில் இருந்தது. மாணவியின் குறிப்பேட்டில் ஒவ்வொரு தொகுப்பும் எந்த இடத்துச் சருகு என்பது தனித்தனியே இருந்தது. இரண்டையும் சேர்த்து அடுக்கியபோது, டிரையேரிஸ் வந்த தொகுப்புகள் அனைத்தும் நிர்வாகக் கட்டடத்துத் தாழ்வாரத்தின் அரேக்கா பனைத் தொட்டிகளிலிருந்தும், அத்தொட்டிகளை ஒட்டிய பூப்பாத்தியிலிருந்தும் வந்தவை என்பது தெரிந்தது. புதர்க்காட்டுச் சருகில் ஒன்றுகூட இல்லை.

தோட்டக்காரரிடம் கேட்டபோது அவர் சொன்னது: “இதெல்லாம் போன வருசம் விழாவுக்கு நர்சரியிலேர்ந்து லாரில வந்த தொட்டிம்மா. மண்ணு நாம போட்டது இல்ல, அதோடயே வந்தது.” “எந்த நர்சரிண்ணா?” என்று மாணவி கேட்டு, புறநகரில் உள்ள அந்த நாற்றுப்பண்ணைக்குச் சென்று விசாரித்தார். செடிகள் ஆந்திராவின் ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம் பகுதிப் பண்ணைகளிலிருந்து வருகின்றன. தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிறது. இங்கே செம்மண் சேர்த்துத் தொட்டி மாற்றப்படுகிறது. மூன்று ஊர்களின் மண்ணும் நாரும் ஒரு தொட்டியில் சேர்ந்திருப்பதால், சிலந்தி எங்கிருந்து ஏறிவந்தது என்பதை இனிச் சொல்ல இயலாது. அது நடந்து வரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

பெயரிடலாமா என்ற விவாதம்

இதற்கிடையில் கல்லூரியின் நிறுவனர் நாள் நெருங்கியது. புதிய சிலந்திக்கு நிறுவனரின் பெயரைச் சூட்டி விழா மேடையில் அறிவிக்கலாம் என்பது நிர்வாகத்தின் விருப்பம்; துறைத்தலைவரும் அதற்கு எதிராக இல்லை. இதில் தவறான நோக்கம் ஏதும் இல்லை. புகழ்பெற்றவர்களின் பெயரைச் சிலந்திக்குச் சூட்டுவது வழக்கத்தில் உள்ளதுதான். 2019இல் ஒரு குதிக்கும் சிலந்திக்குச் சச்சின் டெண்டுல்கரின் பெயர் இடப்பட்டது.

நெறியாளர் அழைத்த துறைக்கூட்டத்தில் மூன்று வழிகள் பேசப்பட்டன. உடனே புதிய சிற்றினமாக எழுதி அனுப்புவது முதல் வழி. அதற்கு எதிராக வைக்கப்பட்ட வாதம் பெயரிடல் விதிகளிலிருந்தே வந்தது. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, ஒரு பெயர் முறையாக வெளியிடப்பட்டுவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது. தவறென்று தெரிந்தால் முந்தைய பெயரின் இணைப்பெயராக அது பட்டியலில் நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்து, மாதிரியைத் தேடி, மறுபடி ஒதுக்க வேண்டும். பேர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பேணிவரும் உலகச் சிலந்திப் பட்டியல் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐம்பதாயிரம் சிற்றினங்களைக் கடந்தது. அப்பட்டியலைப் பேணுகிறவர்களின் உழைப்பில் கணிசமான பங்கு இத்தகைய பெயர்களைச் சரிசெய்வதிலேயே செல்கிறது.

சட்டத்தின் பக்கமும் எடுத்துச் சொல்லப்பட்டது. உயிரியல் பன்மைச் சட்டம், 2002இன் 39ஆம் பிரிவின்படி, புதிய உயிரினத்தைக் கண்டறிகிறவர் அதை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் தரமணியில்தான் இருக்கிறது. கல்லூரி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெருமைப்படலாம் என்ற எண்ணம் அத்தோடு அடங்கியது.

இரண்டாவது வழி, மரபணுக் குறியீடு எடுத்துப் பார்ப்பது. இவ்வளவு சிறிய உடலிலிருந்து போதிய டி.என்.ஏ. எடுக்கப் பெரும்பாலும் முழுச் சிலந்தியையும் செலவழிக்க நேரும். தவிர, வரும் வரிசையை ஒப்பிட நம்பத்தக்க வரிசை இருந்தால்தான் அது விடையாகும். நிதியும் இல்லை. சில மாதிரிகளைத் தூய ஆல்கஹாலில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு அந்த வழி தள்ளிவைக்கப்பட்டது.

மூன்றாவது வழி, உயிரோடு வளர்த்துப் பார்ப்பது. செக் நாட்டில் ஸ்டெனாஸ்பிஸைத் தனித்தனியே வளர்த்து, ஆணின்றியே அது பெண் குஞ்சுகளை ஈனுகிறது என்று காட்டிய ஆய்வு 2009இல் வெளிவந்திருந்தது. எங்கள் சிலந்தியும் அப்படிச் செய்தால், அது ஸ்டெனாஸ்பிஸ் என்பதற்கு உருவமைப்பு, இடம், ஆணின்மை ஆகியவற்றோடு நான்காவது சான்றாகும். செய்யாவிட்டால் மற்ற மூன்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். எந்த விடை வந்தாலும் பயன் தரக்கூடிய சோதனை என்பதால் இதைத் தேர்ந்தோம். விழாவுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை என்று நிர்வாகத்துக்குத் துறைத்தலைவரே எழுதினார். அப்போது வளாகத்துக்கு வந்த நாளிதழ் நிருபர் ஒருவரிடம், ஆய்வு நடக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை.

வளர்ப்பு

பெர்லேசே புனல் உயிரோடு எதையும் தருவதில்லை. ஆகவே தொட்டிச் சருகை வெள்ளைத் தட்டில் உதறி, வாயால் உறிஞ்சும் குழல் கொண்டு இளம் சிலந்திகளைப் பிடித்தோம். முதிர்ந்தவற்றைப் பிடித்தால் அவை முன்பே இணைசேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழும். இளம் சிலந்தியைத் தனியே வளர்த்து முதிரச்செய்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. சிறு கண்ணாடிக் குப்பிகளின் அடியில் பாரிஸ் சாந்தும் கரித்தூளும் கலந்து ஊற்றி, அதில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஈரம் காக்கப்பட்டது. உணவு, அதே தொட்டி மண்ணிலிருந்து பெருக்கி எடுத்த ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிர்கள். சில குப்பிகளில் பூஞ்சை படர்ந்து சிலந்தி இறந்தது. மின்தடை நேரங்களில் ஆய்வகத்தின் வெப்பம் ஏறியபோது மேலும் சில போயின.

எஞ்சியவற்றில் சில முதிர்ந்தன. மேல்தகடு இறுகி ஆரஞ்சு நிறம் ஏறியது. எல்லாமே பெண்கள். அவற்றுள் சில, மெல்லிய பட்டுறைக்குள் மிகச் சில முட்டைகளை இட்டன. ஒன்றின் முட்டைகள் பொரியவில்லை. மற்றவற்றில் குஞ்சுகள் வந்தன. தாய் எந்த ஆணையும் பார்த்ததில்லை என்பது குப்பியின் நாட்குறிப்பில் இருக்கிறது. அக்குஞ்சுகளில் முதிர்வு வரை வந்தவையும் பெண்களே.

முடிவும் அதன் பிறகும்

உருவமைப்பு, கிடைத்த இடத்தின் தன்மை, ஆணின்மை, தனித்து வளர்ந்த பெண்ணின் இனப்பெருக்கம் ஆகிய நான்கையும் சேர்த்து, இச்சிலந்தி டிரையேரிஸ் ஸ்டெனாஸ்பிஸ் என்று ஆய்வேட்டில் பதியப்பட்டது. இவற்றுள் தனித்து நின்று முடிவைத் தாங்கக்கூடியது எதுவும் இல்லை. ஆணின்றிப் பெருகும் சிலந்தி வேறு பேரினங்களிலும் இருக்கலாம். தொட்டியில் உள்ளூர்ச் சிலந்தியும் குடியேறலாம். முடிவுக்கு வலுச் சேர்த்தது அவை ஒன்றையொன்று தாங்கியதுதான். குறிப்பாகத் தொட்டி என்ற ஒற்றைச் சொல் சீட்டிலேயே இருந்திருந்தால், இஸ்க்னோதைரியஸ் என்ற பாதையில் சென்ற வாரங்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. இந்தியாவிலிருந்தும் டிரையேரிஸ் என்ற பேரினப் பெயரின் கீழ்ச் சில சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நாக்பூர், பூனா ஆகிய ஊர்ப்பெயர்களைத் தாங்கியவற்றை டிக்காதரும் மல்ஹோத்ராவும் 1974இல் வெளியிட்டனர். அவை உண்மையில் இதே பேரினத்தைச் சேர்ந்தவையா என்பதை வகைமாதிரிகளை, அதாவது பெயரிட்டபோது அடிப்படையாகக் கொண்ட மாதிரிகளை, நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது எங்கள் நிலை. எங்கள் மாதிரிகள் அவற்றுள் ஒன்றாக இருக்கக்கூடுமா என்ற கேள்வியைத் தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் எழுப்பினார். வெளியான விளக்கங்களையும் வரைபடங்களையும் கொண்டு ஒப்பிட்டதில் முதற்காலின் விகிதம் பொருந்தவில்லை என்று மாணவி விடையளித்தார். தேர்வாளர் அதை ஏற்றார். ஆயினும் வரைபடத்தை மாதிரிக்கு ஈடாகக் கொள்ள முடியாது என்ற குறிப்பையும் எழுதினார். அக்குறிப்பு ஆய்வேட்டில் அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

புதிய சிற்றினம் இல்லை என்றானதில் மாணவிக்கு ஏமாற்றம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நகரத் தொட்டிச் செடிகளோடு பயணம் செய்யும் மண் உயிர்கள் என்ற பொருளில் அவர் இப்போது மேற்படிப்புக்கு முன்வரைவு எழுதிக்கொண்டிருக்கிறார். நாற்றுப்பண்ணை உரிமையாளர் முதலில் தயங்கினார். தம் செடிகளில் பூச்சி இருக்கிறது என்று எழுதிவிடுவார்களோ என்பது அவர் கவலை. இச்சிலந்தி செடிக்கும் மனிதருக்கும் தீங்கு செய்வதில்லை, மண்ணில் உள்ள சிற்றுயிர்களையே உண்கிறது என்று விளக்கியபின், புதிதாக வரும் லாரிச் சுமைகளிலிருந்து சருகு எடுத்துக்கொள்ள இசைந்தார்.

நடைமுறையில் மாற்றப்பட்டவை

சேகரச் சீட்டின் படிவம் முதலில் மாறியது. இடம் என்ற வரியின் கீழே, தரையா, தொட்டியா, கொண்டுவந்து கொட்டிய மண்ணா என்ற வரி சேர்ந்திருக்கிறது. தொட்டியானால் எங்கிருந்து, எப்போது வந்தது என்பதும் எழுதப்பட வேண்டும். தோட்டக்காரரிடம் கேட்காமல் அந்த வரியை நிரப்ப முடியாது. அதனால் அவர் பெயரும் நன்றியுரையில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது.

ஒவ்வொரு சேகரிப்பிலும் சருகின் ஒரு பகுதி, புனலுக்குப் போகாமல் கையால் தேடுவதற்கென ஒதுக்கப்படுகிறது. உயிரோடு வேண்டும் என்று தெரியவரும்போது பருவம் கடந்துவிடுகிறது. இம்முறை தொட்டிகளுக்கு நாள்தோறும் நீர் ஊற்றப்பட்டதால் மட்டுமே, மழை நின்ற பிறகும் இளம் சிலந்திகள் அகப்பட்டன. புதர்க்காட்டுச் சிலந்தியாக இருந்திருந்தால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கவசச் சிலந்தி எது வந்தாலும், பெயர் தேடத் தொடங்கும் முன்பே ஒரு முதற்காலை நேராக்கி அளக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்ட நடைமுறையாகியிருக்கிறது. வளர்ப்புக் குப்பிகளை வைக்க, மின்தடையிலும் வெப்பம் அதிகம் ஏறாத தரைத்தளச் சேமிப்பறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. வளாகத்தின் மற்ற தொட்டிகளிலிருந்து பிடித்த இளம் சிலந்திகள் இப்போது அங்கே வளர்கின்றன.